ஒரு சொட்டுகூட ஒழுகாத கார்

எனக்கு வேலை தெரியும். என் வாழ்க்கையில் நடந்த பெரிய அவமானங்களுக்கெல்லாம் அதுதான் காரணம். வேலை தெரியாதவன் ஒரு காரியத்தைக் கெடுக்கப் போனால் பாதியிலேயே யாராவது பார்த்துத் தடுத்துவிடுவார்கள். வேலை தெரிந்தவனை யாரும் தடுப்பதில்லை. அவன் அளவெடுத்து, ரப்பர் வெட்டி, பசை தடவி, காயவிட்டு, நிதானமாக ஒரு குடும்பத்தையே கவிழ்த்துவிட்டுத்தான் கை கழுவுவான். என் அக்கா ரீட்டாவின் கல்யாணத்துக்கு வந்த காரை நான் அப்படித்தான் சரி செய்து கொடுத்தேன்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. எனக்கு இருபத்துமூன்று வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகரத் தொட்டியும் டீசல் டிரம்மும் செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் பிட்டராக இருந்தேன். ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டு வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன் (நாலு விரற்கடை கீழேதான். அந்த மட்டுக்கும் அடக்கம் இருந்தது). பட்டறையில் என் கை பட்ட தொட்டி எதுவும் ஒழுகித் திரும்பி வந்ததில்லை. இந்தச் செய்தியை நான் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்களிடம்கூடச் சொல்வதுண்டு.

எங்கள் வீடு பருத்திப்பட்டில். அக்காவுக்கு அப்போது இருபத்தெட்டு முடியப் போகிறது. கான்வென்ட்டில் தையல் டீச்சர். அதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் வந்து நின்றுபோயிருந்தன. முதலாவது, நிச்சயதார்த்த விருந்தில் பிரியாணி பற்றவில்லை என்ற ஒரே பேச்சில் முறிந்தது. இரண்டாவதற்கு அவர்கள் காரணம்கூடச் சொல்லவில்லை. கடிதத்துக்குப் பதில் வராமலே முடிந்தது. அதிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் என்ற வார்த்தையைக் கேட்டாலே அப்பா எழுந்து நின்றுவிடுவார். மூன்றாவதாகப் பூந்தமல்லியிலிருந்து ஜோசப் என்ற பள்ளிக்கூட வாத்தியார் வரனாக அமைந்தபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஜெபம்தான் இருந்தது. நம் பக்கத்துத் தப்பு என்று யாரும் விரல் நீட்டாமல் இந்தக் கல்யாணம் நடந்துவிட வேண்டும். அக்கா ஜெபித்தாளா என்று தெரியாது. அவள் அந்த நாட்களில் அதிகம் பேசவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா சவரிமுத்து ஒரு பாக்டரியில் போர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவரிடம் ஒரு பழைய சீமைக் கார் இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரிடம் வாங்கியது. பாலாடை நிறம். கூரைக்குத் தகரம் கிடையாது, கெட்டித் துணிதான். வேண்டாதபோது பின்பக்கம் மடித்துவிட்டுத் திறந்த காராகப் போகலாம். அந்த வீட்டில் ஒரு வழக்கம். மருமகளாக வருகிறவள் அந்தக் காரில்தான் கோயிலுக்கு வர வேண்டும். மாமனாரே கார்க் கதவைத் திறந்து, கை கொடுத்து இறக்கி, படி வரைக்கும் கூட்டிப்போக வேண்டும். மூத்த மருமகள் அப்படித்தான் வந்தாளாம்.

கல்யாணம் நவம்பரில். மழைக்காலத்தில் எந்தப் புத்திசாலி கல்யாணம் வைப்பான் என்று கேட்பீர்கள். எங்கள் சபையில் நவம்பர் கடைசியில் திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ் கழியும்வரை கல்யாணம் கிடையாது. ஜனவரி வரை தள்ளிப்போட அப்பாவுக்குத் தைரியமில்லை. அதற்குள் எதிர்த் தரப்பு மனம் மாறிவிட்டால்?

நாள் குறிக்க அவர்கள் வந்த அன்றுதான் நான் வாயைத் திறந்தேன். சவரிமுத்து மாமா காரைப் பற்றி ஆரம்பித்ததும் அவர் மனைவி ஞானம் அத்தை குறுக்கே பேசினார். காரெல்லாம் சரி, மழை பெய்தால் உள்ளே காலெல்லாம் ஈரம், பெண் வெள்ளைச் சேலையோடு எப்படி உட்காருவாள் என்றார். மாமா முகம் கறுத்தது. கூரைத் துணியை மவுண்ட் ரோட்டில் கொடுத்து மாற்றி வருஷக்கணக்காகிறது, மேலிருந்து ஒரு பொட்டுத் தண்ணீர் வராது என்றார். அப்படியானால் மிதியடி ஏன் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று அத்தை கேட்டார். சபையில் ஒரு மௌனம் விழுந்தது. மௌனம் விழுந்தால் அதை நிரப்புவது என் கடமை என்று அந்த வயதில் எனக்கு ஒரு நம்பிக்கை.

"மேலேர்ந்து வரலன்னா கீழேர்ந்துதான் மாமா வருது. ரோட்டுத் தண்ணி சக்கரத்துல அடிச்சு அடித்தகடு வழியா ஏறும். குடுங்க, ஒரே நாள்ல அடைச்சுத் தர்றேன். எங்களுக்கு இதுதான் தொழில்."

மாமா என்னையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பழைய கார், வேண்டாம் என்று மெல்லச் சொன்னார். பையன் ஆசையாகக் கேட்கிறான், கொடுத்தால்தான் என்ன என்றார் அத்தை. எல்லோர் முன்னாலும் மாமாவால் மறுக்க முடியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். கூரையில் கை வைக்கக் கூடாது.

நான் கூரையில் கை வைக்கவே இல்லை. இதை எந்தப் புத்தகத்தின் மேலும் சத்தியம் செய்வேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று சாமியார் கேட்டார். அந்தத் தடை இரண்டாவது பெஞ்சில் எண்ணெய் வைத்துத் தலைவாரி உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது ஓலை வாசித்த அன்று மதியம் கார் எங்கள் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. மாமா பத்திரிகை வைக்கத் திண்டிவனம் பக்கம் போய்விட்டார். எனக்குத் துணைக்குப் பட்டறை டெம்போவை ஓட்டும் ஏழுமலை அண்ணன் இருந்தார். பூந்தமல்லிக்காரர். எந்த வண்டியையும் பேசிச் சமாதானப்படுத்தி ஓட்டிவிடுவார்.

எங்கள் பட்டறையில் தொட்டியைச் சோதிப்பதற்கு ஒரு முறை உண்டு. தொட்டியை உயரமாக நிறுத்தி, உள்ளே தண்ணீர் நிரப்பி, கீழே படுத்துப் பார்க்க வேண்டும். எங்கே சொட்டுகிறதோ அங்கே சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட வேண்டும். வட்டம் போட்ட இடத்தை அடைக்க வேண்டும். மறுபடி நிரப்பி ஒரு மணி நேரம் விட வேண்டும். மூடியை மட்டும் சோதிப்பதில்லை. மூடி வாங்குகிறவர் பாடு. மூன்று வருஷமாக நான் செய்துவந்த முறை அதுதான். ஆகவே காரையும் அப்படியே செய்தேன்.

நாலு பக்கமும் கட்டை கொடுத்துக் காரைத் தூக்கினோம். சீட்டையும் மிதியடிகளையும் கழற்றினோம். குழாயை உள்ளே விட்டுத் தண்ணீரைத் திறந்தோம். நான் கீழே படுத்தேன். ஏழு இடத்தில் தண்ணீர் கம்பி மாதிரி இறங்கியது. எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒரு பெரிய மனிதர் வருஷக்கணக்காகக் கண்டுபிடிக்க முடியாததை நான் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன்.

ஏழுமலை அண்ணனும் பக்கத்தில் வந்து படுத்துப் பார்த்தார். ஒரு ஓட்டையில் விரலை விட்டுத் தடவினார்.

"இன்னா அந்தோணி, ஓட்டை அல்லாம் ரவுண்டா கீது. துரு இன்னா காம்பஸ் வெச்சிகினா போட்டுச்சு?"

சீமைத் தகடு அப்படித்தான் துருப்பிடிக்கும் என்று நான் விளக்கம் சொன்னேன். சொன்னபோது நானே அதை நம்பினேன் என்பதுதான் இன்றைக்கும் என்னைக் கூச வைக்கிறது. ஏழும் ஒரே அளவு. பக்கத்துக்கு மூன்று, நடுவில் ஒன்று. ஓரத்தில் அரம் போட்டு வழித்த அடையாளம்கூட இருந்தது. ஒரு குழந்தையைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் யாரோ துளை போட்டிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கும்.

நான் டயர் ட்யூபை வட்ட வட்டமாக வெட்டினேன். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுவில் தகட்டு வில்லை வைத்து ரிவெட் அடித்தேன். மேலே பசை. பசை காய்ந்ததும் தார். மறுபடியும் கணுக்கால் அளவு தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. என் வாழ்க்கையில் நான் குறையில்லாமல் செய்து முடித்த ஒரே வேலை அதுவாகத்தான் இருக்கும்.

அதன் பிறகு உள்ளே நிற்கிற தண்ணீரை வெளியே எடுப்பது எப்படி என்ற கேள்வி வந்தது. வழியில்லை. சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றி, மிச்சத்தைக் கோணியால் ஒற்றிப் பிழிந்தோம். அரைமணி நேரம் குனிந்து நிமிர்ந்ததில் ஏழுமலை அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"உள்ள போன தண்ணி வெளிய வர மாட்டேங்குதே. மழ பேஞ்சா இன்னா பண்ணுவ?"

"மழ உள்ளயே வராதுண்ணே. அதுக்குத்தான அடைச்சிருக்கோம்."

நான் வழக்கப்படி காரின் அடியில் சுண்ணாம்பால் ஓகே என்று எழுதித் தேதி போட்டேன்.

கல்யாணம் எட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை. பெண் வீட்டில்தான் காரை அலங்கரிக்க வேண்டும் என்பதால் முதல் நாள் சாயங்காலமே கார் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. ராத்திரி முழுக்க மழை. நான் நிம்மதியாகத் தூங்கினேன். விடிந்ததும் புதுச் சட்டை, வெள்ளைப் பேன்ட் போட்டுக்கொண்டு ரோஜாச் சரத்தோடு போய்க் கதவைத் திறந்தேன். மிதியடி மிதந்துகொண்டிருந்தது.

அப்படியே நின்றேன். பிறகு உள்ளே தலையை விட்டு மேலே பார்த்தேன். முன்கண்ணாடிக்கு மேல் கூரைத் துணி சேருகிற இடத்தில் வரிசையாக நாலு சொட்டு தொங்கியது. விழுந்தது. அடுத்த நாலு சொட்டு வந்தது. மவுண்ட் ரோட்டில் மாற்றிய கூரை.

அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கார் எப்போதும் மேலிருந்துதான் ஒழுகியிருக்கிறது. ஒழுகிய தண்ணீர் அந்த ஏழு ஓட்டை வழியாகத்தான் போயிருக்கிறது. நான் ஏழையும் அடைத்துவிட்டேன். பிரியாணி பற்றாததற்கே ஒரு சம்பந்தம் முறிந்தது. இதற்கு என்ன ஆகும்?

ஏழுமலை அண்ணன் வந்தார். பார்த்தார். "ரவுண்டு" என்று மட்டும் சொன்னார்.

உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் புகுந்தேன், வெள்ளைப் பேன்ட்டோடு. என் ரிவெட் அசையவில்லை. ரப்பர் கிழியவில்லை. பசை இரும்பாகியிருந்தது. ஒரு வேலையாவது கொஞ்சம் அரைகுறையாகச் செய்யக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். பக்கத்தில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுவிடலாம் என்றார் அண்ணன். ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கிய நேரத்தில் அப்பா கீழே குனிந்து பார்த்தார். சம்பந்தி வீட்டுக் காரில் கல்யாணத்தன்று எதற்கடா ஆணி அடிக்கிறாய் என்று கேட்டார். சும்மா பார்க்கிறேன் அப்பா, எல்லாம் கெட்டியாக இருக்கிறது என்றேன். அது உண்மைதான்.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். வேறு டாக்சி பிடித்திருக்கலாம். ஆனால் அந்தக் காரில்தான் மருமகள் வர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம், அதை உடைத்தால் நம் பக்கத்துத் தப்பு. உண்மையைச் சொன்னால் அதுவும் நம் பக்கத்துத் தப்பு. எனவே எதுவும் சொல்லாமல் சொம்பை எடுத்தேன். நான் மொள்ள மொள்ள மேலே சொட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் நாலு கோணியை மடித்து அடியில் பரப்பி, அதற்கு மேல் புதுப் பாய் விரித்து, அதற்கு மேல் ரோஜா இதழ்களைத் தூவினேன். பார்க்க மிக அழகாக இருந்தது. அம்மாவும் சித்தியும் இன்னொரு வண்டியில் முன்னாலேயே போய்விட்டார்கள். அக்கா வெள்ளைச் சேலையும் தலையில் முக்காட்டு வலையுமாக வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அப்பா. முன்னால் ஏழுமலை அண்ணனும் நானும். கார் மூக்கின் மேல் ஒரு ஜோடி பொம்மை கட்டியிருந்தது.

ஏரிக்கரைத் திருப்பத்தில் மழை மறுபடி பிடித்தது. ஏரி நிரம்பி, கலங்கல் தண்ணீர் ரோட்டைக் குறுக்காகக் கடந்து ஓடியது. அண்ணன் முதல் கியரில் உறுமிக்கொண்டே இறக்கினார். தண்ணீர் கதவுக்குக் கீழ்விளிம்பைத் தொட்டது, தாண்டியது. கதவிடுக்கு வழியாக அது உள்ளே வருகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஓடையைக் கடந்து மேடேறினோம். வேறு எந்தக் காராக இருந்தாலும் வந்த தண்ணீர் அடித்தகடு வழியே போயிருக்கும். இந்தக் காருக்கு நான் ஓகே போட்டிருந்தேன்.

அதன் பிறகு அண்ணன் பிரேக் போடும்போதெல்லாம் பின்னாலிருந்து சளக் என்று ஒரு சத்தம் வந்து என் குதிகாலில் மோதியது. கியர் மாற்றினால் திரும்பிப் பின்னால் போனது. சத்தத்தை மறைக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் தோன்றாமல், எல்லோரும் ஜெபமாலை சொல்லிக்கொண்டு போகலாம் என்று உரக்கச் சொன்னேன். வீட்டில் ஜெபமாலைக்குக் கூப்பிட்டால் தலைவலி என்று படுத்துக்கொள்கிறவன் நான். அப்பாவின் கண் கலங்கிவிட்டது. மங்கள வார்த்தை ஜெபத்தை நான் தொண்டை கிழியச் சொல்ல, அப்பா தழுதழுத்துப் பதில் சொல்ல, ஏழுமலை அண்ணன் எந்த ஜெபமும் தெரியாமல் ஒவ்வொன்றின் முடிவிலும் ஆமென் மட்டும் சொன்னார்.

காடுவெட்டி தாண்டியதும் அக்கா குனிந்து என் காதருகே சொன்னாள்.

"அந்தோணி, ரோஜாப்பூவெல்லாம் என் முட்டிகிட்ட வருதுடா."

நான் அடுத்த ஜெபத்தை இன்னும் உரக்க ஆரம்பித்தேன். கண்ணாடியில் பார்த்தேன். அப்பா தன் கால் நனைந்ததை ஏரித் தண்ணீர் என்று விட்டுவிட்டு ஜெபத்திலேயே இருந்தார். அவள் சேலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இருபத்தெட்டு வயது வரைக்கும் காத்திருந்து, வருகிறவர் போகிறவர் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, கடைசியில் ஒரு தொட்டிக்குள் உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போகிறாள். தொட்டியைச் செய்தது கூடப் பிறந்தவன்.

கோயில் வாசலில் மழை நின்றிருந்தது. பேண்டு வாத்தியக்காரர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வரிசையாக நின்றார்கள். நடுவில் கறுப்புக் கோட்டும் பளபளவென்ற புது பூட்சுமாக சவரிமுத்து மாமா. வாசற்படிக்குப் பக்கத்தில் தரை சரிவு. அந்தப் பக்கம் நிறுத்தாதே என்று நான் அண்ணனின் தொடையைக் கிள்ளினேன். அவர் வேறு ஏதோ நினைத்துக்கொண்டு சரியாக அங்கேயே நிறுத்தினார். கார் மாமா பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே இருந்த தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கம் திரண்டது. நான் கதவைத் திறந்து ஓடுவதற்குள் மாமா வழக்கப்படி பின்கதவைத் திறந்துவிட்டார்.

முதலில் தண்ணீர் இறங்கியது. பிறகு ரோஜா இதழ்கள் இறங்கின. பிறகு பாய். பிறகு ஒரு கோணி, பாதி வெளியே வந்து தொங்கியது. மாமாவின் பூட்சு கணுக்கால் வரை மறைந்துபோனது. ஊதிக்கொண்டிருந்தவர் ஊதலை நிறுத்திவிட்டார். டிரம்காரர் மட்டும் கவனிக்காமல் நாலு அடி கூட அடித்தார். வரிசையிலிருந்து ஒரு அம்மாள், பெண் இறங்குவதற்கு முன்னால் தண்ணீர் இறங்குகிறதே, இது எதற்கு அறிகுறியோ என்று எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார். அப்பா சீட்டில் கண்ணை மூடிக்கொண்டார்.

மாமா பூட்சைப் பார்த்தார். கோணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அன்றைக்கு நாள் குறிக்க வந்தபோது பார்த்த அதே பார்வை. இம்முறை அதை மரியாதை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அக்காவிடம் கையை நீட்டினார்.

"வாம்மா." அந்த அம்மாள் பக்கம் திரும்பினார். "மெட்ராஸ்ல தண்ணியோட வர்ற மருமக யாருக்குக் கெடைப்பா?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அக்கா இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டு மிக மெதுவாக, ஒரு பக்கம் சற்றே சாய்ந்து நடந்தாள். காலில் அடிபட்டுவிட்டதோ என்று ஒரு புது பயம் எனக்கு.

பூசை முழுக்க நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதைக்கு மானத்தைக் காப்பாற்றிவிட்டார், வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் காட்டுவார் என்றே ஓடிக்கொண்டிருந்தது. ஆயுசுக்கும் அந்த வீட்டில் ஒவ்வொரு சண்டையிலும் இந்தத் தண்ணீர் வரும். தாலி கட்டும் நேரத்தில் ஜோசப் மச்சான் குனிந்தார். அதன் பிறகு அக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. முக்காட்டு வலைக்குள் அவள் அழுகிறாள் என்று தெரிந்ததும் எனக்கும் அடக்க முடியவில்லை. அக்காளுக்காக அழுகிற தம்பிமார் எத்தனையோ பேர் உண்டு. பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் என் பாசத்தை மெச்சினார்கள்.

பூசை முடிந்து போட்டோ எடுக்கும்போது மாமா என்னைச் சைகை காட்டிக் கூப்பிட்டார். மாதா சிலை வைத்த கெபிக்குப் பின்னால் ஆள் இல்லாத இடத்துக்குப் போனோம். பூட்சைக் கழற்றிக் கவிழ்த்தார். கொஞ்சம் தண்ணீரும் இரண்டு ரோஜா இதழும் விழுந்தன. மன்னிப்பு கேட்க நான் வாயெடுத்தேன்.

"அடியில இருந்த ஓட்டையெல்லாம் அடைச்சியா?" என்றார்.

"ஆமா மாமா. ஏழும்."

"நான்தான் போட்டேன். ஏழும்."

அவரே சொன்னார். கூரையை மாற்ற மவுண்ட் ரோட்டுக்குப் போனது உண்மை. இரண்டு மாசம் காரை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்களாம். மனசு வராமல் திரும்பிவிட்டார். வீட்டில் மாற்றியாயிற்று என்று சொல்லிவிட்டு, ஒரு மதியம் டிரில்லை வைத்து ஏழு துளை போட்டு அரம் போட்டு வழித்துவிட்டார். அன்றிலிருந்து எந்தத் தொந்தரவும் இல்லை, நான் வரும்வரை.

"உங்க அத்தைக்குத் தெரிய வேணாம்" என்றார். அந்தப் பெரிய மனிதரின் முகத்தில் என் முகத்தில் இருந்த அதே பயம் இருந்தது. நான் தலையாட்டினேன். அவர் இருக்கும்வரை யாரிடமும் சொல்லவில்லை. (அவர் போன பிறகு ஒருநாள் அத்தையிடம் மெல்லச் சொன்னேன். புதுத் துணி போட்டால் பழைய துணி வீட்டுக்கு வந்திருக்காதா, அன்றைக்கே தெரியும் என்றார்.)

ஆனாலும் அக்காவின் தோள் குலுங்கியது என் மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த ஞாயிறு மறுவீட்டு விருந்துக்கு அவர்கள் வந்தபோது தனியாகக் கூப்பிட்டு, மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பை ஆரம்பித்தேன். நான் முதல் வரியை முடிப்பதற்குள் அவள் தோள் மறுபடி குலுங்கத் தொடங்கியது. முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஜோசப் மச்சான்தான் வந்து விஷயத்தைச் சொன்னார்.

பெண் பார்த்த அன்றோ நிச்சயத்தன்றோ அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவள் குரல் எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாதாம். பீடத்தில் சாமியார் சொல்லித்தந்த வாக்குறுதியைத் தவிர்த்தால், தாலி கட்ட அவர் குனிந்தபோதுதான் முதல் முதலாக அவரிடம் அவள் வாய் திறந்தாள்.

"என் செருப்பு ஒண்ணு கார்ல மொதந்து போயிடுச்சு. ஒத்தச் செருப்புலதான் நிக்கறேன். வெளிய போம்போது மெதுவா நடங்க."

மச்சான் குனிந்தபடியே கீழே பார்த்தாராம். சேலைக்கு வெளியே ஐந்து வெறும் விரல்கள் தெரிந்தன. அவர் சிரிக்க, அதைப் பார்த்து அவள் சிரிக்க, இருவரும் பீடத்தின் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பின்னால் நான் மட்டும் அழுதிருக்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளாதவர்கள் இல்லை, பலமாகவே போடுவார்கள். ஆனால் சண்டை இரண்டாம் நாளுக்குப் போனால் மச்சான் வாசலில் கிடக்கும் அவள் செருப்பில் ஒன்றை மட்டும் எடுத்து எங்கேயாவது ஒளித்து வைத்துவிடுவார். அவள் முணுமுணுத்துக்கொண்டே தேடுவாள். தேடும்போதே உதடு துடிக்க ஆரம்பித்துவிடும். பேரப்பிள்ளைகள்வரை இந்த விளையாட்டு தெரியும். போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போயிருந்தேன். அக்கா வாசலில் நின்றிருந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு.

"உள்ள வாடா," என்றாள். "உன் மச்சான் கோவமா இருக்காரு."